தாண்டுங்க மைனி

சாவி, படகு, முருங்கை. மறக்கவில்லை. மறந்தாலும் இப்போது கேட்பாரில்லை. அந்த ஞாபகப் பரீட்சை முடிந்து மாதங்கள் ஓடிவிட்டன, டாக்டர் நஃபீஸா அன்றைக்கே கேட்டு அன்றைக்கே சரி என்று தலையாட்டியாயிற்று. ஆனாலும் இந்த ஆஸ்பத்திரி நாற்காலியில் வந்து உட்கார்ந்த உடனே சொர்ணபாய்க்கு வாய்க்குள் அந்த மூன்று வார்த்தையும் தானாக ஓடத் தொடங்கிவிடும், பல்லிடுக்கில் மாட்டின தேங்காய்த் துருவலை நாக்கு தேடித் தேடிப் போகிற மாதிரி. சாவி, படகு, முருங்கை. எதிரே டாக்டர் அறைக் கதவு. கதவுக்கு அந்தப் பக்கம் கம்ப்யூட்டர், அதற்குள் முந்தாநாள் எடுத்த ஸ்கேன். அவளுடைய உடம்பு உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால்வரை அந்தப் பெட்டிக்குள் கிடக்கிறது. எங்கே நோய் எரிகிறது, எங்கே அணைந்துவிட்டது என்று யாரோ ஒருத்தர் பார்த்து எழுதி அனுப்பியாயிற்று. எழுதினவருக்குத் தெரியும். டாக்டருக்கு இந்நேரம் தெரிந்திருக்கும். இப்போது உள்ளே போயிருக்கிறானே கழுத்துப்பட்டை கட்டின மருந்துக் கம்பெனிக்காரன், அவன்கூடக் கொஞ்சம் எட்டிப் பார்த்தால் தெரிந்துகொள்ளலாம். உடம்புக்குச் சொந்தக்காரிக்கு மட்டும்தான் தெரியாது. பக்கத்து நாற்காலியில் லில்லிபுஷ்பம், ஒயர் கூடையை மடியில் வைத்து இரண்டு கையாலும் கட்டிப்பிடித்தபடி. தம்பி பெஞ்சாதி. தம்பி போய் இருபது வருஷத்துக்கு மேலாகிறது, பாளையங்கோட்டை வீட்டில் இவர்கள் இரண்டு பேரும்தான். ஒரே சமையலறையில் இரண்டு கிழவிகள். உப்பு கூடினால் இவள் சொல்வாள், கூடவில்லை என்று அவள் சொல்வாள். இன்றைக்கு ஆட்டோவில் ஏறினதிலிருந்து லில்லி வாயே திறக்கவில்லை. சொர்ணபாய் ஓரக்கண்ணால் பார்த்தாள். லில்லியின் உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. ஜெபம் பண்ணுகிறாளா, என்னைத் திட்டுகிறாளா, இரண்டுக்கும் இவளுக்கு ஒரே முகம்தானே.

நெறி கட்டியிருக்கிறது என்றுதான் முதலில் நினைத்தார்கள். கழுத்தில் இடது பக்கம், காதுக்குக் கீழே, ஒரு புளியங்கொட்டை. காலில் புண் இருந்தால் தொடையிடுக்கில் நெறி கட்டும், பல் சொத்தையானால் கழுத்தில் நெறி கட்டும், ஊர் உலகத்துக்கெல்லாம் தெரிந்ததுதானே, லில்லி மஞ்சளையும் சுண்ணாம்பையும் குழைத்துப் பற்றுப் போட்டாள். புளியங்கொட்டை நெல்லிக்காய் ஆயிற்று. கக்கத்தில் ஒன்று வந்தது. ராத்திரி வேர்த்து வேர்த்துத் தலையணை நனைந்தது, வளையல் முழங்கைவரை ஏறிற்று. வலியே இல்லை, அதுதான் அவளுக்குப் பிடிக்கவில்லை. வலிக்காத கட்டியை அவள் ஏற்கெனவே ஒரு கழுத்தில் பார்த்திருக்கிறாள். வேண்டாம். அந்தப் பக்கம் இப்போது போகவேண்டாம். சாவி, படகு. ஊசி குத்தி எடுத்து, துண்டு வெட்டி எடுத்து, முடிவு வந்த அன்றைக்குத் தம்பி மகன் பிராங்க்ளின் கோயம்புத்தூரிலிருந்து பஸ் பிடித்து வந்திருந்தான். தங்கமான பிள்ளை. அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது. இதே கதவைத் தாண்டிப் போய், டாக்டருக்கு எதிரே இருந்த நாற்காலியில் அவன் உட்கார்ந்தான், லில்லி பக்கத்தில் உட்கார்ந்தாள், சொர்ணபாயை ஓரத்தில் சக்கர நாற்காலியில் நிறுத்தி வைத்தார்கள், குடையைச் சாத்தி வைக்கிற மாதிரி. லிம்ஃபோமா என்றார் டாக்டர். நெறியிலேயே வருகிற புற்று, வேகமாக ஓடுகிற வகை. பிராங்க்ளின் குரலைத் தாழ்த்தினான். "டாக்டர், அத்தைக்கு எழுபத்தெட்டு வயசு. எங்க அப்பாவும் இதே நோயிலதான் போனாங்க. அவங்க பட்ட பாட்டை நான் கண்ணால பாத்திருக்கேன். இந்த வயசுல இவங்களுக்கும் அதைக் கொடுக்கணுமா? வலியில்லாம, கஷ்டப்படுத்தாம, இருக்கிறவரைக்கும்..." குரலைத் தாழ்த்தினால் அத்தைக்குக் கேட்காது என்று அவனுக்கு நினைப்பு. வலது காது மந்தம்தான். ஆனால் முப்பது வருஷத்துக்கு மேல் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் காதில் கருவியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தவளுக்கு இடது காது ஒன்று போதாதா. இரைச்சலுக்கு நடுவில், இடிக்கு நடுவில், பம்பாயிலிருந்து ஒருத்தன் தூத்துக்குடிக்காரியிடம் முணுமுணுக்கிறதைக் கேட்ட காது. இருக்கிறவரைக்கும். அந்த வார்த்தையில் அவள் மனசு மாட்டிக்கொண்டது. எல்லாரும் இருக்கிறவரைக்கும்தானே இருக்கிறார்கள். பிராங்க்ளினும் இருக்கிறவரைக்கும்தானே இருக்கப்போகிறான். அதற்காக அவனுக்குக் காய்ச்சல் வந்தால் மாத்திரை கொடுக்காமலா விடுகிறோம். "டாக்டர்," என்றாள். பழைய எக்ஸ்சேஞ்ச் குரல் அவளை அறியாமல் வந்துவிட்டது, நிமிர்ந்து, ஒவ்வொரு எழுத்தாக. "நோய் எனக்குத்தான வந்திருக்கு? அப்போ என்கிட்டதான கேக்கணும்."

அந்தப் பெண் டாக்டர் என்ன செய்தார் தெரியுமா, எழுந்தார். மேசையைச் சுற்றி வந்து, ஒரு ஸ்டூலை இழுத்துச் சக்கர நாற்காலிக்கு நேராகப் போட்டு, இடது காதுப் பக்கமாக உட்கார்ந்தார். எந்தக் காது கேட்கும் என்று யாரும் சொல்லவில்லை, தலை சாய்கிறதை வைத்துத் தெரிந்துகொண்டார். மேலப்பாளையத்துப் பிள்ளை, நாற்பது வயசு இருக்குமோ என்னமோ. "உங்களை எப்படிக் கூப்பிடணும்? ஆச்சின்னு கூப்பிடலாமா?" "நான் கல்யாணம் பண்ணிக்கிடலை. எக்ஸ்சேஞ்சுல எல்லாரும் மிஸ் சொர்ணபாய்னுதான் கூப்பிடுவாங்க." "சரி, மிஸ் சொர்ணபாய். எழுந்து அந்த ஜன்னல் வரைக்கும் நடந்து போயிட்டு வந்து உட்காருங்க பாப்போம்." சக்கர நாற்காலி பிராங்க்ளின் பிடித்து உட்கார வைத்தது, அவள் கேட்டு வாங்கினது இல்லை. எழுந்தாள். நடந்தாள். ஜன்னலுக்கு வெளியே ஒரு வேப்பமரம், அதில் காக்காய், இதையும் பார்த்துக்கொண்டு திரும்பினாள். அப்புறம் கடிகாரம் வரையச் சொன்னார், வரைந்தாள். வீட்டில் காய்கறி யார் வாங்குகிறது, கீழே விழுந்திருக்கிறீர்களா, ராத்திரி எத்தனை தடவை எழுந்திருப்பீர்கள், மனசு சோர்ந்து கிடக்கிறதா, என்ன மாத்திரையெல்லாம் ஓடுகிறது. மூன்று வார்த்தை சொல்லி, வேறு கதையெல்லாம் பேசிவிட்டு, அதைத் திருப்பிக் கேட்டார். சாவி, படகு, முருங்கை. "இப்போ நான் சொல்லுதேன் கேளுங்க," என்றார் டாக்டர். "நான் வயசுக்கு மருந்து குடுக்கிறதில்லை, உடம்புக்குத்தான் குடுக்கிறது. எளவட்டத்துக்குக் குடுக்கிற முழு அளவை உங்களுக்கும் குடுத்தேன்னா நோயும் போயிரும், கூடவே நீங்களும் போயிருவீங்க. அளவு பாத்துக் குறைச்சுக் குடுத்தா நீங்க தாங்குவீங்க. உங்க தம்பி காலத்துல இல்லாத ஒரு மருந்தும் இப்போ இதுல சேருது. நிச்சயமாப் போயிரும்னு சத்தியம் பண்ணமாட்டேன். ஆனா நல்ல வாய்ப்பு இருக்கு. நடுவுல காய்ச்சல் வரலாம், ஆஸ்பத்திரியில படுக்கவேண்டி வரலாம். வேண்டாம்னு நீங்க சொன்னாலும் உங்களைக் கைவிடமாட்டேன், வலி தெரியாம பாத்துக்கிடுவேன். ரெண்டுல எது?" ரெண்டுல எது. இப்படி ஒரு கேள்வியை அவளிடம் கேட்டு எத்தனை காலம் ஆகிறது. இட்லியா தோசையா என்றுகூட லில்லி கேட்கமாட்டாள். "மருந்து குடுங்க," என்றாள்.

எதுக்கு என்று யாரும் நேராகக் கேட்கவில்லை, ஆனால் வந்து பார்த்த ஒவ்வொரு முகத்திலும் அந்தக் கேள்வி இருந்தது. பிள்ளையா குட்டியா, கட்டிக்கொடுக்க வேண்டியது யாரும் உண்டா, இனி இருந்து என்ன சாதிக்கப்போகிறாள். சபையிலிருந்து பாஸ்டர் வந்தார், நல்ல மனுஷர், கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று கண்ணை மூடி, ஆண்டவரே இந்தத் தாயாருக்குச் சமாதானமான முடிவைத் தாரும் என்று ஆரம்பித்தார். சொர்ணபாய் நடு ஜெபத்தில் கண்ணைத் திறந்தாள். "பாஸ்டர் ஐயா, முடிவை நான் கேக்கலியே. சொகத்தைக் கேளுங்க." பாவம், அவருக்கு இருமல் வந்துவிட்டது. எதற்கு இருக்கவேண்டும் என்று அவளே ராப்பகலாக யோசித்துப் பார்த்தாள், பதில் ஒன்றும் பெரிதாக வரவில்லை. காலையில் பேப்பர் விரித்தால் வருகிற மை வாசம். பங்குனி வெயிலில் நனைத்துப் பிழிந்து போட்ட சேலை காய்கிற வாசம். லில்லி தப்பு ராகத்தில் பாட்டுப் பாடுகிறதைக் கேட்டு எரிச்சல்படுகிறது. இதற்கெல்லாமா ஒருத்தி உயிரோடு இருக்கக் கேட்பாள். கேட்பாள். இதற்குத்தான் கேட்பாள். வேறு எதற்கு.

கதவு திறந்தது. மருந்துக் கம்பெனிக்காரன்தான் வெளியே வந்தான், பெயர் கூப்பிடுகிற நர்ஸ் வேறு ஏதோ ஒரு பெயரைக் கூப்பிட்டது. கூப்பிட்டதும் முன்வரிசையில் ஒரு அசைவு. வெள்ளை வேட்டியில் ஒரு பெரியவர், எண்பதுக்கு மேல் இருக்கும், கழுத்தில் பிளாஸ்திரி, துண்டு வெட்டி எடுத்த இடம். மகனும் மருமகளும் எழுந்தார்கள். "அப்பா நீங்க இங்கயே இருங்க, நாங்க கேட்டுட்டு வாரோம்." அவர் இருந்தார். கதவு மூடினது. மூடின கதவையே அவர் பார்த்துக்கொண்டிருந்தார். வேண்டாம், அந்தப் பக்கம் பார்க்கவேண்டாம், பார்த்தால் மனசு அங்கே போய்விடும். போய்விட்டது. எபி. எபனேசர், ஒரே தம்பி. பெரிய ஊர் ஆஸ்பத்திரி ஒன்றில் இரும்புக் கட்டிலில் எபி இப்படித்தான் கதவைப் பார்த்துக்கொண்டு கிடந்தான். கழுத்து வீங்கி, வாயெல்லாம் புண். நெஞ்சில் சளி கட்டியிருக்கிறது என்றுதான் அவனிடம் சொல்லி வைத்திருந்தார்கள். பேச்செல்லாம் கதவுக்கு வெளியே; டாக்டரும் லில்லியின் அப்பாவும் லில்லியும். மகனுக்குப் படிப்பு முடியவில்லை, தெரிந்தால் எபி மனசு விட்டுவிடுவான், சொல்லவேண்டாம். ஒருநாள் எபி அவள் கையைப் பிடித்தான். "அக்கா, வெளியே என்ன பேசுதாங்கன்னு கேட்டுட்டு வந்து சொல்லு. உனக்குத்தான் காது நல்லாக் கேக்குமே." போனாள். கேட்டாள். திரும்பி வந்து, அவன் கட்டிலில் உட்கார்ந்து, கேட்டதை அப்படியே சொன்னாள். எபி முகத்தைத் திருப்பிக் கதவைப் பார்த்தான். அப்புறம், "அதான பாத்தேன்," என்றான். அதற்குப் பிறகு கொஞ்ச நாள்தான் இருந்தான், ஆனால் அந்தக் கொஞ்ச நாளும் அவன் எபியாக இருந்தான். மகனைக் கூப்பிட்டுப் பேசினான், லில்லி தலையைத் தடவிக்கொடுத்தான், பழைய சோற்று நீத்தண்ணி வேண்டும் என்று கேட்டு வாங்கிக் குடித்தான். சொன்னதற்காகச் சொர்ணபாய் ஒருநாளும் வருத்தப்பட்டதில்லை. ஆனால் அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்த அன்றைக்கு லில்லி அடுக்களை வாசலில் நின்று சொன்னாள். "நீங்க சொன்னதாலதான் மைனி அவங்க மனசை விட்டுட்டாங்க." ஒரே ஒரு தடவை. அதற்குப்பிறகு அதைப்பற்றி அவள் பேசினதே இல்லை. பேசாமல் இருபது வருஷம் ஒருத்திக்கு ஒருத்தி சோறு போட்டுக்கொண்டார்கள். உப்பு கூடினது கூடவில்லை என்ற சண்டையெல்லாம் உப்பைப்பற்றின சண்டை இல்லை என்று இரண்டு பேருக்குமே தெரியும்.

அதனால்தான் மருந்து ஏறின முதல் நாள் சொர்ணபாய்க்கு ஊசியைவிட லில்லியைப் பார்க்கத்தான் பயமாக இருந்தது. புருஷன் போன அதே பாதை. அதே பாட்டில், அதே குழாய், அதே சொட்டு. அவள் முகத்தைச் சுவரைப் பார்த்துத் திருப்பி உட்கார்ந்திருந்தாள். புது மருந்து உள்ளே போன கொஞ்ச நேரத்தில் குளிர் பிடித்துக்கொண்டது, பல் அடித்துக் கட்டில் ஆடிற்று, நர்ஸுகள் ஓடிவந்து குழாயை நிறுத்தி ஊசி போட்டார்கள், கம்பளி போர்த்தினார்கள், அடங்கினதும் மெதுவாக மறுபடி விட்டார்கள். அப்புறம் சிவப்பு மருந்து. ரோஸ் சர்பத் மாதிரி அத்தனை அழகு, இதற்குள்ளா இவ்வளவு கொடுமை. மறுநாள் ஒன்றுக்குப் போனாலும் சர்பத்துதான். வாய்க்குள் துருப்பிடித்த ஆணியை ஊறப்போட்ட மாதிரி ஒரு ருசி, எதைத் தின்றாலும் ஆணி, சொதியும் ஆணி, பாயசமும் ஆணி. விரல் நுனி மரத்து, ரவிக்கைக் கொக்கி போட லில்லி வேண்டியிருந்தது. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டே போட்டுவிட்டாள். முடி கொத்துக் கொத்தாக வந்தது. குளியலறை ஓட்டையை அடைத்துக்கொண்ட நரைமுடியைக் கையால் அள்ளி, "இத்தனை முடி எங்கதான் இருந்துச்சோ, சீவும்போது எலிவால் கணக்கா இருக்கும்," என்றாள் லில்லி. அன்றைக்குச் சிரிப்பு வந்தது, இரண்டு பேருக்கும். கழுத்துக் கட்டி அதற்குள் பாதியாகியிருந்தது. தொட்டுத் தொட்டுப் பார்ப்பாள், பஸ்ஸில் போகிறவன் சட்டைப்பையைத் தொட்டுப் பார்க்கிற மாதிரி. நெல்லிக்காய் புளியங்கொட்டை ஆயிற்று. புளியங்கொட்டை மிளகு ஆயிற்று. தலைகீழாக ஓடுகிற காலம். இப்படியே ஓடினால் நான் எக்ஸ்சேஞ்சில் சேர்ந்த நாளுக்கே போய்விடுவேன் போலிருக்கிறதே என்று நினைத்தாள்.

ஓடவில்லை. நடுவில் காய்ச்சல் வந்தது, டாக்டர் முன்பே சொன்ன காய்ச்சல். சாயங்காலம் உடம்பு கொதித்து, ஆட்டோவில் தூக்கிப்போட்டுக் கொண்டுவந்தார்கள். தனி அறை, கண்ணாடிக் கதவு, வருகிறவர்களுக்கு வாயில் துணி. ஏதேதோ பாட்டில்கள் தொங்கின. அன்றோ மறுநாளோ, நல்ல பகல் வெளிச்சம், கண்ணைத் திறந்தபோது கண்ணாடிக்கு அந்தப்பக்கம் ஒரு இளம் டாக்டர் லில்லியிடம் பேசிக்கொண்டிருந்தார். உதடு அசைகிறது. சத்தம் வரவில்லை. கண்ணாடி. இந்த இடது காது எந்தக் கம்பி வழியாக வந்த பேச்சையும் கேட்ட காது, கண்ணாடியைத் தாண்டிக் கேட்க முடியவில்லை. அந்தப் பயம் இருக்கிறதே, சாவுப் பயம்கூட அதற்கு அப்புறம்தான். எபி கிடந்த இடத்தில் கிடக்கிறேன். வெளியே பேசுகிறார்கள். எனக்குப் போய்க் கேட்டுவர அக்காள் இல்லை. லில்லி உள்ளே வந்தாள். வாயில் துணி, கண் மட்டும். இந்தக் கண் பொய் சொல்லும், சொல்லத்தான் செய்யும், சளிதான் மைனி சரியாப்போயிரும் என்று சொல்லும், அவளுக்கு அதுதான் சரி என்று இருபது வருஷமாக ஒரு தீர்மானம் இருக்கிறது. "ஏளா லில்லி, வெளியே என்ன சொன்னாரு?" லில்லி கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். கொஞ்ச நேரம் சொட்டுகிற மருந்தைப் பார்த்தாள். அப்புறம் குனிந்து, இடது காதுக்குப் பக்கத்தில், துணிக்குள்ளிருந்து சொன்னாள். "ரத்தத்துல வெள்ளை அணுவே இல்லையாம். கிருமி ஏறிட்டாம். இன்னும் ரெண்டு நாள் போறதுதான் கண்டமாம். அதைத் தாண்டிட்டா பயமில்லையாம்." நிறுத்தினாள். மூச்சு வாங்கினாள். "தாண்டுங்க மைனி." வேண்டுதல் மாதிரி இல்லை. வாசல்படியில் நின்று, மழைத்தண்ணி கிடக்கு தாண்டி வாங்க என்று சொல்கிற மாதிரி, அத்தனை சாதாரணமாக, கொஞ்சம் அதட்டலாகக்கூட. சொர்ணபாய்க்குக் கண்ணீர் வந்தது, காய்ச்சல் சூட்டில் அது கன்னத்திலேயே காய்ந்தது. இருபது வருஷம் ஒரு வார்த்தையில் போயிற்று. "சரி தாண்டுதேன்," என்றாள். தாண்டினாள். எப்படித் தாண்டினாள் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. மருந்து தாண்ட வைத்தது, டாக்டர் தாண்ட வைத்தார். அவள் பங்குக்கு அவள் செய்ததெல்லாம், சொல்லிவிட்டோமே என்று இருந்தது மட்டும்தான்.

பெரியவரின் மகனும் மருமகளும் வெளியே வந்தார்கள். "ஒண்ணுமில்லப்பா, நெறிதான்," என்றான் மகன், அவர் தோளைப் பிடித்து எழுப்பியபடி. அவர் எழுந்திருக்கவில்லை. சொர்ணபாய்க்கு நாக்கு நுனிவரை ஏதோ வந்துவிட்டது. உனக்கென்ன வந்தது, அவன் பிள்ளை, அவன் அப்பா. இந்த அறைக்குள் உனக்கே என்ன காத்திருக்கிறதோ. உனக்கு நோய் போகவில்லை என்றால், இன்னும் எங்கேயோ ஒரு மிளகு மிச்சம் எரிகிறது என்றால். அப்போது என்ன முகத்தோடு சொல்வாய். "மிஸ் சொர்ணபாய்," என்று நர்ஸ் கூப்பிட்டது. எழுந்தாள். லில்லி எழவில்லை. "நான் உள்ள வரலை மைனி. எனக்கு அந்த மாதிரிக் கதவைத் தாண்ட முடியலை. நீங்க போய்க் கேட்டுட்டு வாங்க." கூடையை இன்னும் இறுக்கிக்கொண்டாள். "வந்து உள்ளதைச் சொல்லுங்க."

நாலு அடி. பெரியவரைக் கடக்கும்போது கால் நின்றுவிட்டது. அவளாக நிறுத்தவில்லை. "ஐயா," என்றாள். அவர் நிமிர்ந்தார். "எனக்கும் இதே நெறிதான். எழுபத்தெட்டு வயசு. நான் உள்ள போயி என் வாயால கேட்டேன், அவங்க என் முகத்தைப் பாத்துச் சொன்னாங்க. நல்ல டாக்டர். நீங்களும் கேளுங்க." மகன் முகம் சிவந்தது. பெரியவர் மகனைப் பார்க்கவில்லை, அவளைத்தான் பார்த்தார், ஊன்றிக்கொள்ளக் கம்பைத் தேடினார். சொர்ணபாய் நிற்காமல் உள்ளே போய்விட்டாள். முடிவு தெரியாமலே சொல்லிவிட்டேனே. அதனால் என்ன. கேட்கிறதற்கும் முடிவுக்கும் என்ன சம்பந்தம்.

டாக்டர் நஃபீஸா திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "உட்காருங்க மிஸ் சொர்ணபாய்." குரல். குரலைப் பிடி. எக்ஸ்சேஞ்சில் முதல் இரண்டு வருஷத்திலேயே கற்றுக்கொண்டது அது. துட்டி, அதாவது சாவுச் சேதி, சொல்ல வருகிறவன் முதலில் தொண்டையைச் செருமுவான், நல்ல சேதிக்காரன் அவசரத்தில் நம்பரையே தப்பாகச் சொல்வான். இந்த 'உட்காருங்க'வில் எதுவும் இல்லை, வழுவழு என்று இருந்தது, பிடி கிடைக்கவில்லை. டாக்டர் தொண்டையைச் செருமினார். அவ்வளவுதான். முடிந்தது. சாவி, படகு, சாவி, படகு, மூன்றாவது என்ன, மூன்றாவது வரவில்லை, மரம், ஏதோ மரம், லில்லி சொன்னாளே தாண்டுங்க என்று, ஒரு தடவை தாண்டினவள் இன்னொரு தடவை தாண்டமாட்டேனா, தாண்டுகிறேன், என்னவென்று மட்டும் சொல்லிவிடட்டும். டாக்டர் மறுபடி செருமினார், பக்கத்தில் இருந்த பாட்டிலைத் திறந்து இரண்டு மடக்குத் தண்ணீர் குடித்தார். "காலையிலேருந்து பேசிப் பேசித் தொண்டை கட்டிட்டு," என்றார். அப்புறம் திரையை அவள் பக்கம் திருப்பினார். இரண்டு உருவம், பக்கத்தில் பக்கத்தில், சாம்பல் நிறத்தில் இரண்டு சொர்ணபாய்கள். ஒருத்திக்குக் கழுத்திலும் கக்கத்திலும் நெஞ்சுக்கூட்டிலும் வயிற்றிலும் கங்கு கங்காக நெருப்பு. இன்னொருத்தி சும்மா இருந்தாள். "இது முதல்ல எடுத்தது. இது முந்தாநாள் எடுத்தது." "இதுல ஒண்ணையும் காணுமே," என்றாள் சொர்ணபாய். "அதைத்தான் நானும் சொல்ல வந்தேன். ஒண்ணையும் காணும். முழுசாப் போயிட்டு." இப்போது குரல் வழுவழு என்று இல்லை. கடைசி வார்த்தை கொஞ்சம் ஓடிற்று, தடுக்கிற்று. நல்ல சேதி. அந்தப் பிள்ளை அதுவரை பிடித்து வைத்திருந்தது அதைத்தான். "மூணு மாசத்துக்கு ஒரு தடவை வந்து காட்டணும். திரும்பி வராதுன்னு எழுதிக் குடுக்க என்னால முடியாது. ஆனா இன்னைக்கு உங்க உடம்புல அது இல்லை." சொர்ணபாய் திரையிலிருந்த அந்த இரண்டாவது உருவத்தையே பார்த்தாள். எலும்புக் கூட்டுக்குள் நெஞ்சு, வயிறு, எல்லாம் அதது அதது இடத்தில், அமைதியாக, பண்டிகை முடிந்து கழுவிவிட்ட வீடு மாதிரி. இது என் உடம்பு. எழுபத்தெட்டு வருஷத்து உடம்பு. இதை வைத்துக்கொண்டு என்ன செய்யப்போகிறாய் என்று இனி எவனாவது கேட்கட்டும். டாக்டரின் கையை எடுத்து இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டாள். மரத்துப்போன விரல் நுனிகளுக்கு அந்தக் கையின் சூடு தெரிந்தது.

வெளியே வந்தபோது லில்லி நின்றுகொண்டிருந்தாள், கூடை நாற்காலியில் கிடந்தது. சொர்ணபாய் ஒன்றும் சுற்றி வளைக்கவில்லை, நேரே அவள் முன்னால் போய் நின்று, கேட்டதை அப்படியே சொன்னாள். "முழுசாப் போயிட்டாம். படத்துல நானே பாத்தேன். ஒண்ணுமில்லை." லில்லி அவள் முகத்தை உற்றுப் பார்த்தாள், கண்ணில் எங்காவது பொய் ஒட்டியிருக்கிறதா என்று தேடுகிற மாதிரி. "உள்ளதா?" "உள்ளதுதான்." லில்லியின் வாய் கோணிற்று. அழப்போகிறாள் என்று சொர்ணபாய் நினைத்தாள். அழவில்லை, சண்டைக்கு வந்தாள். "அப்போ நாளையிலிருந்து உங்க தட்டை நீங்கதான் கழுவணும். இத்தனை மாசமா என் இடுப்பு ஒடிஞ்சு போச்சு. கேட்டா உப்பில்லை புளியில்லைன்னு குத்தம் வேற!" ஆஸ்பத்திரி வராந்தா முழுக்கக் கேட்கிற சத்தம், நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். "உப்பு இல்லாததை இல்லைன்னுதான சொல்லமுடியும்," என்றாள் சொர்ணபாய். லில்லி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். மணிக்கட்டு எலும்பு நோகிற பிடி. விடவே இல்லை. டாக்டர் அறைப் பக்கம் தற்செயலாகத் திரும்பினபோது, முன்வரிசையில் வெள்ளை வேட்டி இல்லை. கதவு மெதுவாகச் சாத்திக்கொண்டிருந்தது, அதன் இடுக்கில் கம்பின் நுனி ஒன்று உள்ளே போயிற்று, பின்னாலேயே மகனின் தோள்.

வாசலில் ஆட்டோ கிடைத்தது. வெயில் நன்றாக ஏறியிருந்தது, முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு ஏறினாள், லில்லி பக்கத்தில். டிரைவர் பேச்சுப் பிரியன். வண்டி கிளம்பி வளைவு திரும்புவதற்குள் கண்ணாடியில் இரண்டு பேரையும் ஒரு பார்வை பார்த்தான். "யாரைப் பாக்க வந்தீங்க ஆச்சி? சொந்தக்காரவங்களா?" சொர்ணபாய் வாயைத் திறக்கும் முன் லில்லி முந்திக்கொண்டாள். "ஆமாப்பா. நெருங்கின சொந்தம். கான்சர். கழுத்து, கக்கம், வயிறு, ஒரு இடம் பாக்கியில்லை." டிரைவர் உச்சுக்கொட்டினான். "வயசு என்ன இருக்கும்?" "எழுபத்தெட்டு." "எழுபத்தெட்டா? அப்போ இனி என்ன ஆச்சி, நல்லபடியாப் போய்ச் சேரணும்னு கும்பிடவேண்டியதுதான்." "ஏன் போய்ச் சேரணும்?" லில்லிக்குக் குரல் ஏறிவிட்டது. "முழுசாக் குணமாயிட்டு. கொஞ்சம் முன்னாலதான் டாக்டர் சொன்னாங்க. பொல்லாத பொம்பளை, அவ்வளவு லேசுல போயிருவாளா!" ஆட்டோ வேகம் குறைந்தது. டிரைவர் பாதி திரும்பிப் பார்த்தான், நம்பாமல், ஆனால் நம்ப ஆசையாக. "நெசமாவா? எழுபத்தெட்டு வயசுலயா? எங்க பெரியப்பாவுக்கு இதான்னதும் வயசாயிட்டுன்னு வீட்டுலயே வச்சிட்டோமே." எதிரே வந்த பஸ்ஸுக்கு ஒதுங்கி வழி விட்டான். அப்புறம் கேட்டான். "வீட்டுக்கு எப்போ அனுப்புவாங்களாம்?" லில்லி சொர்ணபாயைப் பார்த்தாள். ஆற்றுப் பாலத்தில் வண்டி ஏறிவிட்டிருந்தது, இரண்டு பக்கத்திலிருந்தும் காற்று பாய்ந்து வந்தது. சொர்ணபாய் முந்தானையைத் தலையிலிருந்து இறக்கிவிட்டாள். நாற்று முளைத்த மாதிரி வெள்ளை வெளேர் என்று அரை விரற்கடை முடி, அதற்குள் காற்று புகுந்து மண்டை சில்லென்று ஆயிற்று, இத்தனை வயசுக்கும் காற்று நேராகத் தொடாத இடம். கண்ணாடியில் டிரைவரின் கண் விரிகிறதைப் பார்த்தாள்.

"அனுப்பிட்டாங்க தம்பி," என்றாள் சொர்ணபாய். "நீதான் கூட்டிட்டுப் போயிட்டிருக்க."